விழாத கூரை

பிப்ரவரி நான்காம் தேதி காலை, நூற்றுப் பன்னிரண்டாவது மீட்டரில் நாடா காட்டிய அளவை சாபிரா மூன்று முறை படித்துப் பார்த்தாள். மூன்று முறையும் அதே எண்தான் வந்தது. முந்தின நாளைவிட இரண்டு மில்லிமீட்டர் குறைவு.

சுரங்கத்தின் இடது சுவரில் ஒரு கொக்கி, வலது சுவரில் ஒரு கொக்கி. இரண்டுக்கும் நடுவே எஃகு நாடாவை இழுத்துக் கட்டி, அதன் முனையில் இருக்கும் கருவியில் தூரத்தைப் படிக்க வேண்டும். பத்து மீட்டருக்கு ஒரு ஜோடி கொக்கி, பாறை மாறுகிற இடங்களில் கூடுதலாக ஒன்று. தினமும் எல்லாவற்றையும் அளந்து எழுதுவதுதான் அவளுடைய வேலை. சுவர்கள் அசையாமல் நின்றால் எண் மாறாது. மூன்று மாதமாக மாறவும் இல்லை. இப்போது ஒரே இரவில் இரண்டு சுவர்களும் ஒரு நெல்மணியின் தடிமன் அளவுக்கு நெருங்கி வந்திருந்தன.

அது 2008. மதுரையிலிருந்து போடிக்கு வரும் மீட்டர் கேஜ் ரயில், தொண்ணூறு கிலோமீட்டரை மூன்று மணி நேரத்துக்கும் மேலாக உருட்டிக்கொண்டிருந்த காலம். அதே மதுரையிலிருந்து கொச்சிக்கு மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ரயில் விடலாம் என்று யாரோ எங்கேயோ யோசித்திருந்தார்கள். அந்த வேகத்தில் போகிற ரயில் மலையில் வளைந்து வளைந்து ஏற முடியாது. நேராகக் குடைந்துகொண்டுதான் போக வேண்டும். மலையின் உள்ளே பாறை எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக, போடிக்கு மேற்கே முந்தல் என்ற ஊரைத் தாண்டி, முன்னூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு சோதனைச் சுரங்கம் தோண்டும் வேலையை ஒரு கம்பெனி எடுத்திருந்தது.

சாபிராவுக்கு இருபத்து மூன்று வயது. உத்தமபாளையத்துப் பெண். அப்பா ராஜா முகம்மது கருப்புத் திராட்சை போட்டிருந்தார். பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு, விளம்பரம் பார்த்து எழுதிப் போட்டு அவளாகவே வாங்கிய வேலை அது. காலையில் கோம்பை, தேவாரம் வழியாகப் போடிக்கு முதல் பஸ். அங்கிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகளுக்கு நடுவே கம்பெனி ஜீப்.

சேர்ந்த அன்று மேனேஜர் சுந்தர்ராஜ் அவளை ஆபீஸ் கொட்டகையிலேயே உட்காரச் சொன்னார். பெண்கள் சுரங்கத்துக்குள் கால் வைத்தால் ஆட்கள் வேலைக்கு இறங்க மாட்டார்கள், அவர்கள் நம்பிக்கை அப்படி, யாராவது அளந்து வந்து சொல்வார்கள், நீ எழுதிக்கொண்டால் போதும் என்றார். சாபிரா வெளியே வந்து, பாறை உடைக்கும் ஆட்களின் மேஸ்திரி யார் என்று விசாரித்து, நேராக அவரிடமே போய்க் கேட்டாள். வீரணன் என்று பெயர். கடமலைக்குண்டுக்காரர். ஐம்பது வயதிருக்கும். வருசநாட்டுப் பக்கம் ஊர் ஊராகக் கிணறு வெட்டிய குழு அவருடையது. போர்வெல் போடும் வண்டிகள் வந்த பிறகு, அவரையும் சேர்த்துப் பதினான்கு பேர் சுரங்க வேலைக்கு வந்துவிட்டார்கள்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு சொன்னா அப்படி? எங்க வீட்டுப் பொம்பளைக அறுவது அடி கெணத்துல எறங்கி கல்லுத் தூக்குன ஆளுக. நீங்க பாட்டுக்கு வாங்க தாயி. தலையில தொப்பிய மட்டும் மறக்காமப் போட்டுக்கங்க."

அன்று மத்தியானமே அவள் உள்ளே போனாள். சுந்தர்ராஜ் அதை மறக்கவில்லை.

நான்காம் தேதி அளவைக் கொண்டுபோய்க் காட்டியபோது, வெக்கையில் நாடா நீண்டிருக்கும் என்றார் அவர். சாபிரா அதே நாடாவை எடுத்துப்போய் நாற்பதாவது மீட்டரில் கட்டிப் பார்த்தாள். அங்கே பழைய எண்ணே வந்தது. வெடி அதிர்ச்சியில் கொக்கி ஆடியிருக்கும் என்றார். கொக்கியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தாள். அசையவில்லை. ஐந்தாம் தேதி இன்னும் இரண்டு குறைந்தது. ஆறாம் தேதி மூன்று. ஏழாம் தேதி நான்கு. மொத்தம் பதினொன்று. பத்தைத் தாண்டினால் வேலையை நிறுத்திவிட்டு இரும்பு வளைவுகள் கொடுத்துக் கூரையைத் தாங்க வேண்டும் என்று கம்பெனியின் விதிப் புத்தகத்திலேயே அச்சடித்திருந்தது.

சுந்தர்ராஜ் அந்தப் பக்கத்தைப் படித்தார். பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார். இரும்பு வளைவு திருச்சியிலிருந்து செய்து வர வேண்டும், இரண்டு வாரம் ஆகும். மார்ச் இருபதாம் தேதி ஒரு குழு பார்வையிட வருகிறது. அதற்குள் இருநூறு மீட்டர் தோண்டியிருக்க வேண்டும். இப்போது நூற்றுப் பதினெட்டில் நிற்கிறோம். நிறுத்தினால் அடுத்த கட்ட வேலை வேறு கம்பெனிக்குப் போய்விடும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, இன்றைக்கு ஒரு மில்லிமீட்டர் என்று எழுது, இரண்டு நாளில் பாறை தானே அமர்ந்துவிடும் என்றார்.

"நாலு காட்டுது சார். நாலுன்னுதான் எழுதுவேன்."

"நான் பாக்காத சுரங்கமா? நீ பொறக்கும்போது நான் மலைக்குள்ள நின்னுக்கிட்டு இருந்தேன்."

"இருக்கலாம் சார். இந்தச் சுவத்த நீங்க அளக்கலையே."

சுந்தர்ராஜ் கெட்ட மனிதர் அல்ல. ஆட்களுக்குக் காய்ச்சல் என்றால் தன் ஜீப்பிலேயே போடி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். அந்தப் பாறை நிற்கும் என்று அவர் நிஜமாகவே நம்பினார். இருபத்தைந்து வருட அனுபவத்துக்கு முன்னால் ஒரு நாடாவும் கொக்கியும் எதற்கு என்பதுதான் அவர் எண்ணம். ரிஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, நாளையிலிருந்து நானே எழுதிக்கொள்கிறேன் என்றார்.

சாபிரா சுரங்கத்துக்குள் போனாள். வீரணன் நூற்றுப் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் கடப்பாரையோடு நின்றுகொண்டிருந்தார். அவள் எண்ணைச் சொல்லும் முன்பே கடப்பாரையின் முனையால் கூரையைத் தட்டிக் காட்டினார். நல்ல பாறை என்றால் தட்டும்போது கணீரென்று கேட்கும். இது பானையைத் தட்டினது போலப் பொத்தென்றது. ஆறடி தள்ளித் தட்டினார். அங்கேயும் பொத்து. மேலே இருந்த வெடிப்பிலிருந்து களிமண் கலந்த தண்ணீர் சொட்டி, தரையில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பிசுபிசுவென்று கிடந்தது.

"நாலு நாளா இப்படித்தான் பேசுது. நீங்க என்ன அளந்தீக?"

"பதினொண்ணுண்ணே. ரெண்டு பக்கமும் கிட்ட வந்திருக்கு. பத்துக்கு மேல போனா ஆள வெளிய எடுக்கணும்னு அவுக புஸ்தகத்துலயே இருக்கு. ஆனா நாளைக்கும் வெடி இருக்குன்னு சொல்லிட்டாரு."

வீரணன் கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

மறுநாள், எட்டாம் தேதி, காலை ஷிப்டுக்கு வந்த பதினான்கு பேரும் சுரங்க வாயில் வரைக்கும் வந்தார்கள். அங்கே கிடந்த கல் குவியல் மேல் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். உள்ளே யாரும் போகவில்லை. சாபிரா மட்டும் தன் நாடாவோடு போய் அளந்து வந்தாள். இன்னும் மூன்று. மொத்தம் பதினான்கு. அவள் வாயிலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி அந்த எண்ணைச் சொன்னாள்.

சுந்தர்ராஜ் வந்தபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவர் முதலில் தன்மையாகத்தான் பேசினார். பிறகு, கிணறு வெட்டியவர்களுக்குச் சுரங்கம் என்றால் என்ன தெரியும் என்றார். கடைசியில், பயந்தாங்கொள்ளிகளை நம்பி வேலை எடுத்தது என் தப்பு என்றார்.

வீரணன் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னார். "பயம்தான் சார். பயந்ததுனாலதான் முப்பது வருசமா வெடி வச்சும் பதினாலு பேருக்கும் கைகால் ஒழுங்கா இருக்கு. கூரைக்கு முட்டுக் குடுங்க, இந்த நிமிசமே உள்ள எறங்குறோம். குடுக்காம எறங்க மாட்டோம்."

மத்தியானம் அவர்கள் எல்லோரையும் வேலையை விட்டு நிறுத்தியாயிற்று. லாரியில் மூட்டை முடிச்சோடு ஏறிப் போனார்கள். அன்று சாயங்காலமே சாபிராவிடமிருந்து நாடாவையும் கருவியையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார் சுந்தர்ராஜ். மறு உத்தரவு வரும்வரை சுரங்கத்துக்குள் போகக் கூடாது, ஆபீஸில் சிமெண்டு மூட்டைக் கணக்குப் பார்த்தால் போதும் என்று எழுதியே கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் ராஜா முகம்மது பழக்குலைகளில் சொத்தைக் காய்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். சாபிராவும் ஒரு கத்திரிக்கோலோடு பந்தலுக்கு அடியில் நின்றாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, இத்தனை அவமானத்தோடு அந்த வேலை எதற்கு, நாளைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடு என்றார். அவளைப் படிக்க வைத்ததற்கே சொந்தத்தில் ஆளுக்கொரு பேச்சுக் கேட்டவர் அவர். அவள் அங்கே தனியாக நின்று மல்லுக்கட்டுவது அவருக்குப் பொறுக்கவில்லை.

"அவுக வேணாம்னு சொல்ற எடத்துல நீ எதுக்கும்மா நிக்கணும்?"

"நானும் வந்துட்டா, உள்ள போறவுகளுக்கு அந்த நம்பரச் சொல்ல ஆளில்ல அத்தா."

"சொல்லித்தான் என்ன ஆச்சு? பதினாலு குடும்பம் வேலை இல்லாம ஊருக்குப் போச்சு."

அந்தப் பதினான்கு பேரை நினைத்து ஏற்கெனவே அவளுக்கு இரண்டு இரவு தூக்கம் போயிருந்தது. கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் போய் வாய்க்கால் தண்ணீரில் முகம் கழுவினாள். ஆனால் திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

புதன்கிழமை புது ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஜார்க்கண்ட் ஆட்கள், பதினொரு பேர். இரண்டு வருடமாக இடுக்கிப் பக்கம் ஒரு நீர்மின் நிலைய வேலையில் பாறை உடைத்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. இங்கே யாரும் அவர்களிடம் எதையும் சொல்லிக் கலைக்க முடியாது என்பது சுந்தர்ராஜுக்கு ஒரு வசதி. அன்றைக்கு ஓய்வு, மறுநாள் காலை ஆறு மணிக்கு முதல் ஷிப்டு என்று பேச்சு.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். சாபிரா சாமான் கொட்டகைக்குப் போனாள். துளை போடும் இடங்களைப் பாறையில் குறிப்பதற்காக வாங்கி வைத்திருந்த சிவப்புப் பெயிண்டில் ஒரு டப்பாவும் அகலமான ஒரு பிரஷும் எடுத்துக்கொண்டாள். எடுத்ததை அங்கிருந்த நோட்டிலும் எழுதினாள். சுரங்க வாயிலில் காவலுக்கு இருந்த நல்லகண்ணு அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"சார் உங்கள உள்ள விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காகம்மா."

"தெரியும்ணே. நான் உங்க பேச்சக் கேக்காம உள்ள போனேன்னு எழுதிக்கங்க. மணி ஒண்ணு பத்து. அதையும் போடுங்க."

நல்லகண்ணு நோட்டைத் திறந்து மணியைப் பார்த்தார். பிறகு எழுதினார்.

உள்ளே வெடியும் இல்லை, எந்திரமும் ஓடவில்லை. விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன. அறுபதாவது மீட்டரில் நின்று, அங்கே சுவர் அசையவில்லை என்று காட்ட, கொக்கிக்குப் பக்கத்தில் தன் உயரத்துக்கு ஒரு பூச்சியம் வரைந்தாள். எழுபதில் ஒரு பூச்சியம். எண்பதிலும் தொண்ணூறிலும் நூறிலும் பூச்சியம். நூற்றுப் பன்னிரண்டுக்கு வந்தபோது தண்ணீர் சொட்டும் சத்தம் அதிகமாகியிருந்தது. கூரையிலிருந்து மணல் மாதிரி ஏதோ உதிர்ந்து தொப்பியில் பட்டது. ஓடிவிடலாம் என்று தோன்றியது. பிரஷை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழாக எழுதினாள். 2. 4. 7. 11. 14. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் தேதி. எண்களுக்கு இரண்டு பக்கமும் உள்நோக்கி ஒரு அம்பு. அதற்கு அப்பால் ஒரு சுவரின் அடியிலிருந்து மறு சுவரின் அடிவரை, தரையில் குறுக்கே ஒரு தடித்த கோடு. வெளியே வரும்போது மணி ஒன்று ஐம்பது. அந்த நேரத்தையும் எழுதச் சொன்னாள்.

சாயங்காலம் வரை ஒன்றும் நடக்கவில்லை. சுந்தர்ராஜ் தேனிக்குப் போயிருந்தார். மறுநாள் ஆறு மணி ஷிப்டுக்கு முன்னால் அங்கே இருக்க வேண்டும் என்பதற்காகச் சாபிரா அன்று போடியில் கூடப் படித்த தோழி வீட்டில் தங்கினாள்.

ஜார்க்கண்ட் ஆட்களின் மேஸ்திரி பெயர் சுக்ராம். ஒல்லியான ஆள், நாற்பதுக்கு மேல் இருக்கும். வியாழக்கிழமை காலை அவர்தான் முன்னால் நடந்தார். முதல் பூச்சியத்தைப் பார்த்துவிட்டு மேலே நடந்தார். இரண்டாவதில் நின்றார். நூற்றுப் பன்னிரண்டுக்கு வந்ததும் கையை நீட்டிப் பின்னால் வருபவர்களை நிறுத்தினார். அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, எண் தெரியும். ஐந்து எண்களையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். அம்புகளைப் பார்த்தார். நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். பிறகு எல்லோரையும் திருப்பிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வாயிலில் சாபிரா நின்றுகொண்டிருந்தாள். சுக்ராம் அவள் கையில் காய்ந்து போயிருந்த சிவப்புப் பெயிண்டைக் கவனித்தார். இடுக்கியில் கற்ற மலையாளத்தில், எத்ர திவசம் என்று கேட்டார். கம்பம் சந்தைக்கு வரும் கேரள வியாபாரிகளின் பேச்சைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் அவள். எத்தனை நாள் என்று கேட்கிறார்.

"அஞ்சு," என்றாள். இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே பிடித்து மெல்ல நெருக்கிக் காட்டினாள். "அகத்து போகண்டா."

உள்ளே போக வேண்டாம். அவருக்குப் புரிந்தது. தன் ஆட்களிடம் அவர்கள் பாஷையில் நாலைந்து வார்த்தை சொன்னார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு, வீரணனின் ஆட்கள் உட்கார்ந்த அதே கல் குவியலில் போய் உட்கார்ந்தார். மற்ற பத்துப் பேரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

சுந்தர்ராஜ் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. தண்ணீர் பீய்ச்சிச் சுவரில் இருந்த எழுத்தை அழிக்கச் சொன்னார். அது ஆயில் பெயிண்ட், அழியவில்லை. சுக்ராமிடம் இந்தியில் சத்தம் போட்டார். சுக்ராம் தரையைப் பார்த்தபடி இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். பிறகு சுந்தர்ராஜ் சாபிரா பக்கம் திரும்பினார். கம்பெனிச் சொத்தைச் சேதப்படுத்தியதற்குப் போலீஸில் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றார்.

"குடுங்க சார். நான் சுவத்துல எழுதுன நம்பரு அம்புட்டையும் அந்தப் புகார்ல சேத்து எழுதிக் குடுங்க. ஒண்ணையும் விட்றாதீக."

அவர் அப்படி எந்தப் புகாரும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அந்த எண்கள் போடி ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்கும். ஆனால் இரண்டு குழுக்கள் அடுத்தடுத்து வேலைக்கு இறங்க மறுத்த காரணத்தை அவர் தலைமை ஆபீஸுக்குச் சொல்லியாக வேண்டியிருந்தது. சனிக்கிழமை அங்கிருந்து ஒரு பெரிய இன்ஜினியர் வந்தார். வயதானவர், குள்ளமானவர். அலமாரியைத் திறந்து நாடாவை எடுக்கச் சொல்லி, தானே உள்ளே போய் அளந்தார். பத்தொன்பது. ஒரு வாரமாக வெடியே இல்லாமல் இன்னும் ஐந்து நெருங்கியிருந்தது. வெளியே வந்து, சுவரில் எழுதியது யார் என்று கேட்டார்.

நான்தான் என்றாள் சாபிரா.

தசமப் புள்ளிக்குப் பிறகு வரும் எண்ணை ஏன் எழுதாமல் விட்டாய் என்று கேட்டார். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிய வேண்டும் என்பதற்காக விட்டுவிட்டேன் என்றாள் அவள். அவர் தலையை அசைத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். அன்று சாயங்காலமே திருச்சிக்கு இரும்பு வளைவு செய்யச் சொல்லி ஆள் போயிற்று. அது வரும்வரை தாங்குவதற்கு மரக்கட்டைகள் வந்தன.

வளைவுகளைப் பொருத்த இருபத்தைந்து பேர் தேவைப்பட்டார்கள். கடமலைக்குண்டுக்கு ஆள் அனுப்பி வீரணன் குழுவையும் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தினமும் அளந்த எண்ணை ரிஜிஸ்டரில் எழுதுவதற்கு முன்னால், வாயிலில் ஒரு பலகை வைத்து அதில் எழுத வேண்டும், அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்கள் உள்ளே போவார்கள். சுந்தர்ராஜ் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. பதினொரு நாளில் பதினாறு வளைவுகள் ஏறின. நூற்றுப் பன்னிரண்டில் எண் இருபத்தொன்றில் நின்றது. அதற்குப் பிறகு நகரவே இல்லை.

வளைவுகள் ஏறியதைச் சாபிரா நேரில் பார்க்கவில்லை. அதற்குள் அவளுக்கு மெமோ வந்துவிட்டது. நிறுவனத்தின் சொத்தைச் சேதப்படுத்தியது, உத்தரவை மீறித் தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் நுழைந்தது என இரண்டு குற்றங்கள். வருத்தம் தெரிவித்து இரண்டு வரி எழுதிக் கொடுத்தால், நல்லபடியாக விலக்கி அனுபவச் சான்றிதழ் தருவதாகச் சுந்தர்ராஜ் சொல்லியனுப்பினார். ராஜா முகம்மதுவும், இரண்டு வரிதானே, எழுதிக் கொடுத்துவிட்டால் அடுத்த வேலைக்கு உதவும் என்றார். சாபிரா மூன்று வரி எழுதினாள். இரண்டாவது குற்றம் உண்மை, உள்ளே போன நேரமும் வந்த நேரமும் வாயில் நோட்டில் இருக்கின்றன. முதல் குற்றம் உண்மையல்ல. சுவரில் எழுதிய எண்களில் எதையும் திரும்பப் பெற முடியாது. அதைப் படித்துப் பார்த்த ராஜா முகம்மது பெருமூச்சு விட்டார். பிறகு ஸ்டாம்பு வாங்க அவரே தபாலாபீசுக்குப் போனார்.

சான்றிதழ் வரவில்லை.

மார்ச் இருபதாம் தேதி குழு வந்தது. வாயிலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். சுரங்கம் நூற்று நாற்பதைத்தான் எட்டியிருந்தது, ஆனாலும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுந்தர்ராஜ் அவர்களை உள்ளே அழைத்துப்போய், இத்தனை மாதத்தில் இங்கே ஒரு கல்கூட விழுந்ததில்லை என்று சொன்னாராம். அதை வீரணன்தான் போடி பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தபோது சொன்னார். சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. சாபிராவுக்கு வரவில்லை.

ஏனென்றால் ஊரிலும் அதே பேச்சாகத்தான் இருந்தது. மாமி ஒருத்தி வீட்டுக்கே வந்து, விழாத கூரைக்குப் பயந்து நல்ல வேலையை உதறிவிட்டாயே என்றாள். அப்படிக் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் சாபிரா தவித்தாள். வளைவு கொடுத்ததால் விழவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது? கொடுக்காமலே நின்றிருக்கும் என்று சுந்தர்ராஜ் சொன்னால் அதை எப்படி மறுப்பது? சில சமயம், யாரும் உள்ளே இல்லாத நேரமாகப் பார்த்து ஒரே ஒரு பெரிய கல் விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நினைத்தாள். நினைத்த கையோடு வெட்கப்பட்டாள். அதை வீரணனிடம் மட்டும் சொன்னாள்.

"விழுகக் கூடாதுன்னுதான தாயி வெளிய வந்து உக்காந்தோம்," என்றார் அவர். "விழுகலையேன்னு நம்மளே வருத்தப்பட்டா எப்படி?"

மதுரையில் ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வுக்குப் போனாள். பழைய வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டார்கள். நடந்ததைச் சொன்னாள். பிறகு கூரை விழுந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் வரவில்லை. திண்டுக்கல்லில் இன்னொரு கம்பெனியிலும் அப்படியே. சொந்த விஷயம், அதனால் விட்டேன் என்று சொல்லிவிடலாமே என்று தோழி யோசனை சொன்னாள். சாபிரா அப்படிச் சொல்லவில்லை. மூன்றாவது இடத்திலும் நடந்ததையே சொன்னாள்.

ரயில் திட்டம் பிறகு கைவிடப்பட்டது. இரண்டாயிரத்துப் பத்தில் சுரங்க வாயிலுக்கு இரும்புக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார்கள். உள்ளே வௌவால் அடைகிறது என்றார்கள். வீரணன் குழு அதற்கு முன்பே கேரளாவில் வேறொரு வேலைக்குப் போய்விட்டது. சுக்ராமும் அவர்களோடு போனதாகக் கேள்வி.

சாபிரா வேலை கேட்டுப் போன அந்த மூன்றாவது இடம் தேனியில் இருந்தது. சாலை போடுகிற, சின்னப் பாலங்கள் கட்டுகிற ஒரு காண்ட்ராக்டரின் ஆபீஸ். பழைய வேலையைவிடக் கீழ் வேலைதான். ஆனால் அந்த மனிதர் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, நாளைக்கே வா என்றார். அவள் பேச்சை நம்பித்தான் எடுத்தாரா, ஆள் பற்றாக்குறையா என்று அவளுக்குத் தெரியாது.

முதல் நாள் காலை, மேஜைமேல் அவளுக்காக ஒரு காகிதக் கட்டு வைத்திருந்தார்கள். பெரியகுளம் சாலையில் கட்டும் பாலத்துக்குக் கலந்த கான்கிரீட், எத்தனை பாரம் தாங்கியது என்று சோதித்த தாள்கள். எண்கள் ஏற்கெனவே நிரப்பியிருந்தன. அடியில் ஒரு கையெழுத்துதான் பாக்கி. பில் போக வேண்டும், சீக்கிரம் போட்டுக் கொடும்மா என்று குமாஸ்தா பேனாவை நீட்டினார்.

சாபிரா முதல் தாளைப் புரட்டினாள். இரண்டாவதைப் புரட்டினாள். பன்னிரண்டு தாளிலும் ஒரே எண்.

பேனாவை வாங்காமல் எழுந்து நின்றாள்.

"இந்தக் கட்டியெல்லாம் எங்கன இருக்கு?"

"எந்தக் கட்டி?"

"கான்கிரீட் வார்க்கும்போது எடுத்து வைப்பாகள்ல, சோதிக்கிற கட்டி. பன்னெண்டையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. ஒடச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுறேன்."

குமாஸ்தா உள்ளறையைத் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து காண்ட்ராக்டர் எட்டிப் பார்த்தார். சாபிரா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, கட்டிகள் அடுக்கியிருக்கும் கொட்டகை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே நடந்தாள்.